அஃபிலியேட் பக்கத்துக்கு ஏன் இத்தனை தடை?

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பகாவ் பட்டணத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என்னுடைய பழைய மாணவி ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். நான்காம் படிவத்தில் என்னிடம் அறிவியல் படித்தவர். இப்போது பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். இரவில் கைப்பேசியில் அஃபிலியேட் வேலை. "சார், கம்பெனிக்காரன் என் காச அமுக்கிட்டான்" என்று திரையைக் காட்டினார். 386 ரிங்கிட் கமிஷன். பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் ‘நிறுத்திவைக்கப்பட்டது’. காரணம் என்ற இடத்தில் ஒரே வரிதான் இருந்தது: உங்கள் லேண்டிங் பேஜ் விளம்பரதாரரின் விதிகளுக்கு உட்படவில்லை.

எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. ஆள் பிடித்துக் கொடுக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, காசு கொடுக்கும் நாளில் விதி பேசுகிறார்களே என்று நினைத்தேன். பிறகு அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மூலிகைத் தேநீர்ப் பெட்டி ஒன்றின் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், இனிப்புநீர் 30 நாளில் குணமாகும், மாத்திரை தேவையில்லை என்று போட்டிருந்தது.

"இப்படி எழுதச் சொன்னது யாரும்மா?"

"யாரும் சொல்லல சார். மத்தவங்க பக்கத்துல இப்படித்தான் இருந்துச்சு. இப்படிப் போட்டாத்தான் ஆளுங்க வாங்குறாங்க."

அவர் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் ஒரு பாட்டி, அந்தப் பக்கத்தைப் பேரனின் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "அப்ப நான் மாத்திரைய விட்டுறலாமா?" என்று இவரிடமே வந்து கேட்டிருக்கிறார். பாட்டி கேட்டார், நல்லவேளை. கேட்காமலே மாத்திரையை விட்டவர்கள் எத்தனை பேரோ.

இந்த வாரப் பாடம் அந்தத் தடைகளைப் பற்றியது. நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களோடு, இந்த வேலையில் ஏற்கெனவே இறங்கிவிட்ட அண்ணன் அக்காமார்களும் படிக்கலாம்.

ஒரு சொடுக்கின் பயணம்

அஃபிலியேட் என்றால் வேறொருவர் பொருளுக்கு ஆள் கூட்டி வந்து, விற்றால் கமிஷன் வாங்குகிறவர். பழைய சொல்லில் தரகர். அமேசான் நிறுவனம் 1996-இல் இதை இணையத்தில் பெரிய அளவில் தொடங்கியது. இன்று நம் ஊரில் ஷொப்பி, லஸாடா போன்ற விற்பனைத் தளங்களுக்கும் இந்த ஏற்பாடு உண்டு. விளம்பரதாரர்களையும் அஃபிலியேட்களையும் சேர்த்துவைக்கும் இடைநிலை நிறுவனங்களும் உண்டு. கோலாலம்பூரில் தொடங்கிய இன்வால்வ் ஏசியா அவற்றில் ஒன்று.

வாங்குகிறவர் நேராகக் கடைக்குப் போவதில்லை. முதலில் அஃபிலியேட் எழுதிய பக்கத்தில் வந்து இறங்குகிறார். அதனால் அதற்கு லேண்டிங் பேஜ் என்று பெயர். இனி இறங்கு பக்கம் என்றே சொல்வோம். அங்கே ‘வாங்க இங்கே தொடுக’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டதும், நீங்கள் கண் சிமிட்டும் நேரத்துக்குள் பல வேலைகள் நடக்கின்றன.

பொத்தானில் இருக்கும் முகவரி கடையின் முகவரி அல்ல, இடைநிலை நிறுவனத்தின் கணினியுடையது. அதன் வாலில் ஒரு கேள்விக்குறி, அதற்குப் பின் சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். கைப்பேசியில் ஓர் இணைப்பை விரலால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள், முகவரி முழுவதும் தெரியும். அந்த வாலில்தான் ‘இந்த ஆளை அனுப்பியவர் இன்னார்’ என்ற அடையாள எண் இருக்கிறது. கணினி அதைக் குறித்துக்கொண்டு, நேரத்தையும் குறித்து, இந்தச் சொடுக்குக்கென்று ஒரு தனி எண் போடுகிறது. பிறகு உங்கள் உலாவிக்கு 302 என்ற பதிலை அனுப்புகிறது. ‘நீங்கள் கேட்டது இங்கே இல்லை, தற்போதைக்கு அந்த முகவரிக்குப் போங்கள்’ என்பது அதன் பொருள். பக்கம் இல்லை என்று சொல்லும் 404 எண்ணை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 302 திரையில் தெரியாமலே வந்துவிட்டுப் போய்விடும்.

போகும்போது உங்கள் உலாவியில் ஒரு சிறு குறிப்பையும் வைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் குக்கி. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி என்ற பொறியாளர் உருவாக்கியது. சந்தை நுழைவாயிலில் கையில் குத்தும் முத்திரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் பொருளை வாங்கும்போது கடையின் கணினி முத்திரையைப் பார்த்து, இவரை அனுப்பியது இன்னார் என்று கண்டுபிடிக்கிறது. முத்திரைக்கு ஆயுள் உண்டு. அமேசானில் பொதுவாக 24 மணி நேரம். வேறு சில நிறுவனங்கள் பல நாள் கொடுக்கும். ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச்சிலிருந்து அந்நியத் தளங்கள் வைக்கும் குக்கிகளை முழுவதுமாகத் தடுத்துவிட்டது. அதனால் இப்போது பல நிறுவனங்கள் உலாவியை நம்பாமல், சொடுக்கின் தனி எண்ணை ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு நேரே அனுப்பிக் கணக்குப் பார்க்கின்றன.

பால் நிறுக்கும் கொட்டகை

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மரம் வெட்டி, மங்கில் விழுந்த பாலை வாளியில் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனால், கிராணி நிறையை மட்டும் பார்த்து எழுத மாட்டார். மாதிரி எடுத்து, அதில் உலர் ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார். பாலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்.

ஒரு கணக்குப் போடுவோம். 10 கிலோ பால், ரப்பர் 33 விழுக்காடு. உலர் ரப்பர் 3.3 கிலோ. வழியில் ஒருவர் 2 கிலோ தண்ணீர் ஊற்றுகிறார். நிறை 12 கிலோ ஆகிவிட்டது. விழுக்காடோ 27.5-க்கு இறங்கிவிடும். 12-ஐ 27.5 விழுக்காட்டால் பெருக்கிப் பாருங்கள். அதே 3.3 கிலோ.

இந்த விழுக்காட்டை விரைவாகப் பார்க்க மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவி உண்டு. ரப்பர் துகள் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே நல்ல பால் தண்ணீரைவிடச் சற்று லேசு; கருவி ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்தால் அடர்த்தி கூடும், கருவி மேலே எழும்பி நிற்கும். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைப் பாடநூலில் படித்து மறந்தவர்கள், பால் கொட்டகையில் படித்தால் மறக்க மாட்டார்கள். மிதவையை ஏமாற்ற வேறு எதையாவது கலப்பவர்களும் இருந்ததால், சந்தேகம் வந்தால் மாதிரியில் அமிலம் விட்டு உறைய வைத்து, தகடாக்கி, உலர்த்தி நிறுத்துப் பார்ப்பார்கள். அதற்கு மேல் வாதாட இடமில்லை.

அஃபிலியேட் கமிஷனும் வாளியின் நிறைக்குக் கிடைப்பதில்லை. உலர்ந்து மிஞ்சுவதற்குத்தான் கிடைக்கிறது. எத்தனை பேர் உங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள் என்பது நிறை. எத்தனை பேர் வாங்கினார்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள் என்பது உலர் ரப்பர். கமிஷன் சில வாரங்கள் ‘நிலுவையில்’ என்று நிற்பதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீர் ஊற்றியவர்கள் இங்கும் உண்டு. அமெரிக்காவில் ஈபே நிறுவனத்தின் அஃபிலியேட்களில் முன்னணியில் இருந்த ஷான் ஹோகன், பிரையன் டன்னிங் என்ற இருவர், தங்கள் பக்கத்தையோ மென்பொருளையோ பயன்படுத்தியவர்களின் உலாவியில், அவர்கள் எதையும் தொடாமலே ஈபேயின் குக்கியைத் திணித்தார்கள். அந்த ஆள் பிறகு தானாக ஈபேக்குப் போய் எதையாவது வாங்கினால், கமிஷன் இவர்களுக்கு. சந்தைக்கு வருகிறவர்கள் தூங்கும்போது கையில் முத்திரை குத்தியதுபோல. 2008-இல் ஈபே வழக்குப் போட்டது. 2014-இல் ஹோகனுக்கு 5 மாதம், டன்னிங்குக்கு 15 மாதம் சிறை. இதில் டன்னிங், போலி அறிவியலைத் தோலுரிக்கும் ஒலிபரப்பு ஒன்றை நடத்திப் புகழ் பெற்றவர். அறிவியல் ஆசிரியனான எனக்கு இந்தச் செய்தி கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அந்த வகை ஏமாற்றுகளுக்குப் பிறகுதான் விளம்பரதாரர்களின் தடைப் பட்டியல்கள் நீண்டன. கண்ணுக்குத் தெரியாத சட்டத்துக்குள் கடையின் பக்கத்தைத் திறக்கக் கூடாது. தானாகக் குதிக்கும் ஜன்னல் கூடாது. ‘என் இணைப்பைத் தொட்டால் டாப்-அப் தருகிறேன்’ என்று ஆசை காட்டக் கூடாது. நிறுவனத்தின் பெயரையே தேடுசொல்லாக வாங்கி விளம்பரம் போடக் கூடாது. ஏனென்றால் பெயரைத் தேடி வருகிறவர் எப்படியும் வாங்க வந்தவர், அவரை நீங்கள் கூட்டி வரவில்லை. இந்த நான்கும் தண்ணீர் கலப்பதற்கு எதிரான விதிகள். படித்ததும் புரியும், அதிகம் பேச வேண்டியதில்லை.

என் மாணவி மாட்டிக்கொண்டது வேறு வகை விதியில்.

பக்கத்தில் என்ன எழுதலாம்

விளம்பரதாரர் உங்கள் பக்கத்தில் இரண்டைப் பார்க்கிறார். ஒன்று, அது எங்கே இருக்கிறது. மற்றொன்று, அதில் என்ன இருக்கிறது.

முதலாவது நினைப்பதைவிடக் கடினம். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ‘நான் இங்கிருந்து வருகிறேன்’ என்று உலாவி ஒரு குறிப்பு அனுப்பும். அதன் பெயர் ரெஃபரர். (ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைத் தரநிலையில் எழுதியபோது ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். 1996-லிருந்து உலகம் முழுவதும் அந்த எழுத்துப் பிழையோடுதான் ஓடுகிறது. கட்டுரையில் பிழை விட்டுத் திட்டு வாங்கிய மாணவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.) முன்பு அந்தக் குறிப்பில் பக்கத்தின் முழு முகவரி இருந்தது. பயனரின் அந்தரங்கத்தைக் காக்க, 2020 முதல் குரோம் உலாவி வேறு தளத்துக்குப் போகும்போது தளத்தின் பெயரை மட்டும்தான் சொல்கிறது. ஆக, ஆள் எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்பது விளம்பரதாரருக்குத் தெரியும். அங்கே எந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்தார் என்பது தெரியாது. அதனால்தான் ‘பயன்படுத்தும் எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்’ என்று கேட்கிறார்கள். தொல்லை கொடுக்க அல்ல, அவர்கள் கண்ணுக்கு அது உண்மையிலேயே மறைந்திருக்கிறது.

பதிவு செய்த பக்கத்தை அவர்களுடைய தேடுநிரல் வந்து படிக்கும். இதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. வருவது சோதனை நிரல் என்று தெரிந்தால் நல்ல பக்கத்தைக் காட்டுவது, கைப்பேசியில் வரும் சாதாரண ஆளுக்கு வேறு பக்கத்தைக் காட்டுவது. துரை வரும் நாளில் மட்டும் லயத்துக் கால்வாய்க்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல. ஆங்கிலத்தில் இதற்கு க்ளோக்கிங் என்று பெயர், போர்வை போர்த்துவது. முகநூல் நிறுவனம் 2017-இல் இதற்கு எதிராகத் தனி நடவடிக்கை அறிவித்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து, சாதாரணக் கைப்பேசி போலவே வந்து பார்த்தால் போர்வை விலகிவிடும். பிடிபட்டால் எச்சரிக்கை கிடையாது, கணக்கையே மூடுவார்கள்.

இப்போது இரண்டாவது. நோய்ப் பெயர் எழுதக் கூடாது, ‘குணமாகும்’ என்று எழுதக் கூடாது, முன்-பின் படம் போடக் கூடாது, நாங்கள் கொடுத்த வாசகத்தை மாற்றக் கூடாது. என் மாணவி பதிவு செய்தபோது ஏற்றுக்கொண்ட விதிகளில் இவை எல்லாமே இருந்தன. பதினான்கு பக்கம், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அவர் படிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் படித்திருக்க மாட்டேன். ஆனால் இந்தத் தடை விளம்பரதாரர் தன் இஷ்டத்துக்குப் போட்டதல்ல. அதற்குப் பின்னால் நம் நாட்டில் 70 ஆண்டுக்கு முந்தைய ஒரு சட்டம் நிற்கிறது.

ஒளியாலும் ஒலியாலும்

மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டம் 1956-இல் வந்தது. மெர்டேக்காவுக்கு முந்தைய ஆண்டு. சம்பள நாளன்று தோட்டத்துக்கு ஒலிபெருக்கியோடு வந்து, ஒரே எண்ணெயில் வாதம், ஆஸ்துமா, குழந்தையின்மை மூன்றும் தீரும் என்று விற்றவர்களைப் பற்றி என் தாத்தா நிறையச் சொல்வார். அந்தக் காலத்துச் சட்டம் இணையத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அதில் விளம்பரம் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் பாருங்கள். அறிவிப்பு, சுற்றறிக்கை, துண்டறிக்கை, பெட்டிமேல் ஒட்டும் தாள் இவற்றோடு, வாய்மொழி அறிவிப்பும், ஒளியையோ ஒலியையோ உண்டாக்கும் அல்லது கடத்தும் எந்த வழியில் செய்யும் அறிவிப்பும் விளம்பரமே என்கிறது. எழுதியவர்கள் மனதில் இருந்தது திரையரங்கும் வானொலியுமாக இருக்கலாம். ஆனால் கைப்பேசித் திரை ஒளியை உமிழ்கிறது. கண்ணாடி இழைக் கம்பியில் தகவல் ஒளியாகவே போகிறது. ஓர் இயற்பியல் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல இருக்கிறது.

அச்சட்டத்தின் அட்டவணையில் நோய்களின் பட்டியல் உண்டு. இனிப்புநீர், புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம், காசநோய், ஆஸ்துமா, வலிப்பு, பக்கவாதம், மலட்டுத்தன்மை ஆகியவை அதில் சில. இவற்றைத் தடுக்கும், குணமாக்கும் என்று பொதுமக்களிடம் எந்தப் பொருளையும் விளம்பரம் செய்யக் கூடாது. பொருள் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே போவதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். தயாரித்தவர், விற்றவர் என்று சட்டம் பிரிக்கவில்லை. அப்படிப்பட்ட விளம்பரத்தை வெளியிடுவதில் எவரும் எந்தப் பங்கும் எடுக்கக் கூடாது என்கிறது. இரவில் கைப்பேசியில் பக்கம் எழுதும் அஃபிலியேட்டும் அந்த ‘எவரும்’ என்பதில் அடங்குவார். முதல் குற்றத்துக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

பட்டியலில் இல்லாத சாதாரண உபாதைகளுக்கான மருந்தென்றாலும், விளம்பரத்துக்கு மருந்து விளம்பர வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் இந்த வாரியத்தின் விதிமுறைகள் 1976-இல் வந்தன. அனுமதி பெற்ற விளம்பரத்தின் ஓரத்தில் கே.கே.எல்.ஐ.யு. என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். நாளிதழிலும் பேருந்திலும் பார்த்திருப்பீர்கள். அந்த எண் அந்த வாசகத்துக்கும் படத்துக்கும் கிடைத்த அனுமதி. நீங்கள் இரண்டு வரியைச் சேர்த்துவிட்டு அதே எண்ணைப் போட முடியாது. ‘வாசகத்தை மாற்றாதே’ என்று விளம்பரதாரர் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

நோய்களை ஏன் இப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? இனிப்புநீரையே எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் சர்க்கரை கூடினால் உடனே வலிக்காது. மாத்திரையை நிறுத்திய ஆள் முதல் வாரம் நன்றாகவே இருப்பார். ‘தேநீர் வேலை செய்கிறது’ என்று நான்கு பேருக்குச் சொல்லவும் செய்வார். உள்ளே கண்ணின் நுண்ணிய இரத்தக் குழாய், சிறுநீரகம், கால் நரம்பு மெல்லப் பழுதாகிக்கொண்டிருக்கும். பட்டியலில் உள்ள பல நோய்கள் இப்படித்தான். அவற்றில் சில ஒருநாள் கூடி ஒருநாள் குறைபவை, சிலவற்றில் தாமதம்தான் எமன்.

அப்படியானால் பக்கத்தில் போட்டிருந்த ‘குடித்தவர்கள் சொல்கிறார்கள்’ கதைகள்? மாணவியிடம் ஆறாம் ஆண்டுப் பாடத்திலிருந்தே கேட்டேன். கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது? அவர் சிரித்துவிட்டார். தேநீர் குடித்தவர்கள் மாத்திரையும் போட்டார்கள், சிலர் சோற்றைக் குறைத்தார்கள், சிலர் நடக்க ஆரம்பித்தார்கள். தேநீர் குடிக்காத இன்னொரு குழு கிடையாது. பலன் இல்லாதவர் யாரும் எழுதி அனுப்பவும் மாட்டார். இதிலிருந்து தேநீரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

கேடயமாகுமா?

விளம்பரதாரர் தடை போடுவதில் தன்னலமும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டாம். ‘நாங்கள்தான் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டோமே’ என்று நாளைக்கு விரலை அஃபிலியேட் பக்கம் திருப்பலாம். அது எப்போதும் எடுபடாது.

அமெரிக்காவில் அகாய் என்ற பழத்தின் பெயரால் உடல் மெலியும் மாத்திரைகள் விற்ற காலம் ஒன்று இருந்தது. அஃபிலியேட்கள் தங்கள் இறங்கு பக்கத்தைச் செய்தித்தளம்போல வடிவமைத்தார்கள். நிருபர் ஒருவர் தானே சாப்பிட்டுப் பார்த்து எழுதியதுபோலக் கட்டுரை, கீழே பாராட்டிய வாசகர் கடிதங்கள். நிருபரும் இல்லை, வாசகரும் இல்லை. 2011 ஏப்ரலில் அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையம் ஒரே நேரத்தில் பத்து வழக்குகள் போட்டது. அதே ஆண்டில் லீன்ஸ்பா என்ற விளம்பரதாரர்மீதும் வழக்கு வந்தது. அந்த விளம்பரதாரருக்கு ஆள் பிடித்துக் கொடுத்த லீட்கிளிக் என்ற இடைநிலை நிறுவனம், பொய்ப் பக்கங்களை எழுதியது அஃபிலியேட்கள்தான், நாங்கள் இல்லை என்று வாதாடியது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொய்ப் பக்கம் என்று தெரிந்தும் அதில் பங்கெடுத்தாய், தடுக்கும் அதிகாரம் இருந்தும் தடுக்கவில்லை என்று பொறுப்பாக்கியது. தொகை சுமார் 1 கோடியே 19 லட்சம் அமெரிக்க டாலர். அதனால்தான் இன்று நிறுவனங்கள் விதியை எழுதி வைப்பதோடு நிற்காமல், பக்கங்களைத் தேடிப் பிடித்துக் காசை நிறுத்துகின்றன.

ஆனாலும் என் மாணவிக்கு நடந்ததில் ஒரு மனக்குறை இருக்கிறது. எந்த வரி தவறு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தால் விற்ற தேநீருக்கான பணத்தை நிறுவனம் வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததாகவும் தெரியவில்லை. பொய்யால் வந்த விற்பனை செல்லும், பொய்க்கான கமிஷன் மட்டும் செல்லாது என்றால் கணக்கு இடிக்கிறது.

பக்கத்தைத் திருத்தியது

அன்றே இருவரும் உட்கார்ந்து பக்கத்தைத் திருத்தினோம். முதலில் பெட்டியில் எம்.ஏ.எல். எண் தேடினோம். நம் நாட்டில் பதிவான மருந்துக்கு இந்த மூன்று எழுத்துகள், எட்டு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். கடைசி எழுத்து டி என்றால் பாரம்பரிய மருந்து, என் என்றால் சத்துணவுத் துணைப்பொருள், எக்ஸ் என்றால் மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடியது, ஏ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முகப்பூச்சுகளுக்கு வேறு எண். அது ‘நாட்’ என்று தொடங்கி கே என்று முடியும். எண் அச்சடித்திருப்பது போதாது. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் அகப்பக்கத்தில் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும். பொருளின் பெயரும் தயாரித்தவர் பெயரும் பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். முகப்பூச்சு விற்கும் பிள்ளைகள் இதை விடவே கூடாது. பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினொயின் கலந்திருந்த பூச்சுகளின் பதிவை ரத்து செய்து முகமை அவ்வப்போது பட்டியல் வெளியிடுகிறது. நேற்று எண் இருந்த பொருளுக்கு இன்று எண் இல்லாமல் போகலாம்.

எங்கள் தேநீர்ப் பெட்டியில் எம்.ஏ.எல். எண்ணே இல்லை. அப்படியென்றால் அது பதிவான மருந்தல்ல, உணவாக மட்டுமே விற்க முடியும். உணவுச் சட்டம் 1983-உம் அதன்கீழ் வந்த 1985-ஆம் ஆண்டு விதிமுறைகளும் அதற்குப் பொருந்தும். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்ல அங்கும் இடமில்லை.

கொட்டை எழுத்து வரி போனது. குடித்தவர்கள் கதைகள் போயின. விலையையும் எடுத்தோம், அவர் எழுதிய விலை மூன்று வாரத்துக்கு முந்தையது, கடையில் மாறிவிட்டது. விலையைக் கையால் எழுதாதே என்று பல நிறுவனங்கள் தடுப்பதும் இதனால்தான். மேலே, பொத்தானுக்கு முன்பே, ‘இந்த இணைப்பின் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்’ என்று ஒரு வரி சேர்த்தோம். அமேசான் போன்ற நிறுவனங்கள் இதைக் கட்டாயம் ஆக்கியிருக்கின்றன. அவருக்கு அந்த வரி பிடிக்கவில்லை. "யாருமே வாங்க மாட்டாங்க சார்" என்றார். பிறகு மிஞ்சியதை எழுதினோம். என்னென்ன இலை இருக்கிறது, எத்தனை பொட்டலம், சர்க்கரை சேர்த்திருக்கிறதா, எப்படி இருக்கிறது ருசி, பகாவுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆனது. ருசி கொஞ்சம் கசப்பு என்பதையும் அவரே எழுதினார்.

புதிய பக்கத்தைப் பதிவுக்கு அனுப்பிய ஆறாம் நாள் அனுமதி வந்தது. பழைய 386 ரிங்கிட் திரும்பவில்லை. விற்பனை முன்பைவிடக் குறைவு. முதல் மாதம் 40 ரிங்கிட்டுக்கும் கீழ். அதற்காக அவர் வேலையை விடவில்லை. இப்போது தேநீரைக் குறைத்துவிட்டு, பள்ளிப் பை, மின்விசிறி, அரிசிக் குக்கர் என்று, தான் வாங்கிப் பயன்படுத்திய பொருள்களுக்குப் பக்கம் எழுதுகிறார்.

போன வாரம் புலனத்தில் ஒரு புதிய பக்கத்தை அனுப்பி, பார்த்துச் சொல்லச் சொன்னார். முழங்கால் பட்டை ஒன்று. எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசிப் பத்தியில் மட்டும் ‘மூட்டுவாதம் பறந்துபோகும்’ என்று ஒரு வரி. அதை எடுக்கச் சொன்னேன். "கம்பெனி குடுத்த படத்துலயே அப்படித்தான் சார் இருக்கு" என்று பதில் வந்தது. அப்படியானால் படத்தையும் போடாதே, அனுமதி எண்ணைக் கேட்டு அவர்களுக்கு எழுது என்றேன். எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.